மூன்று ஓடுகளும் மீட்பு வாரியமும்

ஒரு கட்டடத்தை மீட்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் எந்த அறையைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மீதிச் சரக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பழைய நகர மாளிகையை மீட்க வந்த தொன்மைக் கட்டட மீட்பு வாரியம், மேல்மாடியில் தெருவைப் பார்த்த பெரிய கூடத்தைப் பிடித்தது. அந்தக் கூடத்தின் மேற்கூரையில் மரத்தில் செதுக்கிய கொடிகளும் பறவைகளும் உண்டு. மாளிகையில் நின்று பார்க்கத் தகுந்தது என்று ஒன்று இருந்தால் அதுதான். வாரியம் வந்த முதல் வாரத்திலேயே அதற்குக் கீழே வெள்ளை அட்டையால் பொய்க்கூரை அடித்து அதை மறைத்தது. ஏசியின் குளிர் வீணாக மேலே போய்விடுகிறதாம்.

அடுத்து வாசலில் பலகை வைத்தார்கள். ‘மீட்புப் பணி நடைபெறுகிறது. எதையும் தொடாதீர்கள்.’ பலகை வாசற்கதவைவிடப் பெரியது. அதை மாட்டுவதற்குச் சுவரில் பதினாறு துளை போட்டார்கள். துளை போட்ட தூசு அடங்குவதற்குள், ‘முன்சுவரில் பதினாறு துளைகள் காணப்படுகின்றன, காரணம் ஆராயப்பட வேண்டும்’ என்று ஒரு கோப்பும் திறந்தார்கள்.

அப்புறம் சாரம் வந்தது. நான்கு பக்கமும் இரும்புக்குழாய்களை நட்டு, பலகை போட்டு, பச்சை வலை கட்டினார்கள். கட்டியது கட்டியபடி பதினான்கு மாதம் நின்றது. மாளிகையைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் சாரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். சாரம் துருப்பிடித்தது. அதன்மேல் ஏறினால் ஆபத்து என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். உடனே சாரத்தை மீட்க ஒரு துணைக்குழு போட்டார்கள்.

மாளிகையின் வலப்பக்கம் ஓட்டுக்கூரை போட்ட, மாடியில்லாத நீண்ட கட்டு. அதில் ஏழு கடைகள். மூன்றாவது கடை நோட்டுக்காரருடையது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். தெருவுக்கு அவர் நோட்டுக்காரர்தான். கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது, கணக்குக்கு நீளம், ஓவியத்துக்கு அகலம் என்று காகிதத்தைத் தவிர வேறெதையும் அவர் விற்றதில்லை. மனைவிக்குப் பிறந்த வீட்டில் பங்காக வந்த நிலத்தை விற்று எடுத்த கடை. பள்ளிக்கூடம் திறக்கும் இரண்டு வாரம்தான் அந்தக் கடைக்கு வருஷம். மீதி ஐம்பது வாரமும் எதிர்த்த கடை வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அந்த இரண்டு வாரம் தவறினால் கடை இல்லை.

பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது. பின்சுவரை ஒட்டி நோட்டுக்கட்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. அன்றைக்குத்தான் கூரைமேல் தடால் என்று ஒரு சத்தம்.

சத்தத்துக்குக் காரணம் நோட்டுக்காரரின் மச்சான்; மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஓடு வேய்வதில் கெட்டிக்காரன். அதனால்தான் வாரியம் அவனைக் கூரை மீட்புப் பணியாளராக எடுத்தது. எடுத்த கையோடு, ஆராய்ச்சி முடியும்வரை கூரையைத் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவும் கொடுத்தது. பதினான்கு மாதமாக அவனும் இன்னும் மூன்று பேரும் காலை ஒன்பது மணிக்கு, ஆபத்தானது என்று எழுதிய பிறகும் அதே சாரத்தில் ஏறுவார்கள். மாலை ஐந்து மணிக்கு இறங்குவார்கள். நடுவில் சீட்டாட்டம். அன்றைக்கு ஒருவன் அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டான் என்று தள்ளுமுள்ளு. ஓர் இரும்புக்குழாய் நழுவி விழுந்தது.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குள் வந்தான்.

“மாமா, மூணே மூணு ஓடுதான். அரை மணி வேலை. ஆனா நான் தொடக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு.”

“உடைக்கக்கூடாதுன்னு ஆர்டர் இல்லையாடா?” என்றாள் அக்கா.

“அதப்பத்தி ஒண்ணும் எழுதல அக்கா.”

அன்று மாலையே ஒரு தூறல் போட்டது. பின்சுவரோரம் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கியது. கணவனும் மனைவியும் கட்டுகளை இழுத்து இழுத்து நடுக்கடையில் குவித்தார்கள். ஒழுகும் இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு, மறுநாள் காலை நோட்டுக்காரர் மாடிப்படி ஏறினார். வாரியத்தில் முதல் மேசைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“எந்த வருஷத்து ஒழுக்கு?”

“நேத்து சாயந்திரத்து ஒழுக்கு சார்.”

“நேத்து எல்லாம் எங்க வரம்புல வராதே. குறைஞ்சது நூறு வருஷம் ஆகியிருக்கணும்.”

“அது வரைக்கும் என்ன பண்றது?”

“காத்திருக்கலாம். நாற்காலி அங்க இருக்கு பாருங்க.”

நோட்டுக்காரர் சண்டை போடுகிற ஆள் இல்லை. வாடிக்கையாளர் விலையைக் குறைத்துக் கேட்டால்கூட, தான்தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று யோசிப்பார். நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை உட்கார்ந்ததில் ஒரு பலன் கிடைத்தது. பட்டியல் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள்.

பட்டியல் அதிகாரி சின்ன வயதுப் பெண். படித்தவள், சுத்தமானவள், ஒரு புள்ளியைக்கூட விடமாட்டாள். மாளிகை எல்லைக்குள் எது எப்படி இருக்கிறதோ அதை அப்படியே எழுதி எண் கொடுப்பது அவள் வேலை. அதற்கு ‘உள்ளது உள்ளபடிப் பட்டியல்’ என்று பெயர். அதில் ஏறிவிட்ட பொருளை இடம் மாற்ற அனுமதி வேண்டும். அவள் கடைக்குள் வந்தபோது நோட்டுக்காரர் நிரம்பிய வாளியைக் கொட்டுவதற்காகக் கைப்பிடியில் கை வைத்திருந்தார்.

“அப்படியே இருங்க, அசையாதீங்க,” என்றாள். படம் எடுத்தாள். எழுதினாள். ‘எண் 212. நீல வாளி ஒன்று. அதைப் பிடித்த நிலையில் ஆண் உருவம் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு தொகுப்பு.’

“ஏம்மா, அவரு என் புருஷன்மா,” என்றாள் மனைவி.

“இருக்கட்டும் மேடம். நான் இருக்கிறதைத்தான் எழுதறேன். யாரோடதுங்கிறது வேற பட்டியல்.”

இரண்டு நாள் கழித்து ஒரு குறிப்பாணை வந்தது. ‘எண் 212 தொகுப்பின் ஒரு பகுதி தினமும் மதியம் ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை காணப்படுவதில்லை. விளக்கம் தரவும்.’ நோட்டுக்காரர் விளக்கம் எழுதினார்: ‘சாப்பிடப் போகிறேன்.’ சாப்பாட்டைத் தளத்திலேயே உட்கொள்ள ஆவன செய்யுமாறு பதில் வந்தது. அன்றிலிருந்து மனைவி தூக்குப்பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தாள்.

“முப்பது வருஷமா ஒரு இடத்துல உட்காருங்கன்னு நான் கெஞ்சினேன், கேட்டீங்களா?” என்றாள் பரிமாறிக்கொண்டே. “இந்தப் பொண்ணு ஒரு நம்பரைக் குடுத்து உங்களை உட்கார வச்சிட்டா.”

வாளியைக் கொட்டவும் அனுமதி வேண்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது பட்டியல் அதிகாரி நிஜமாகவே யோசித்து ஒரு வழி சொன்னாள்: வாளிதான் பட்டியலில் இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஆகவே வாளியை அசைக்காமல் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். நோட்டுக்காரர் ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

மூன்றாவது வாரம் இயக்குநரைப் பார்க்க நேரம் கிடைத்தது. இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். அவர் பேசினால் புடவைக்கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக உதறி விரிக்கிற மாதிரி இருக்கும். கடைசியில் வாங்க வந்தவருக்குத் தான் என்ன கேட்டோம் என்பது மறந்துவிடும்.

“மூணு ஓடு மாத்தணும். அவ்வளவுதான் சார்,” என்றார் நோட்டுக்காரர்.

“அய்யா, நீங்க கேக்கறது பழுது பாக்கறது. அது யாரு வேணா பண்ணலாம். உங்க மச்சான் பண்ணிடுவான். நாங்க பண்றது மீட்பு. பழுது பாத்தா வேலை முடிஞ்சு போயிடும். மீட்புக்கு முடிவே கிடையாது. முடிஞ்சா அது மீட்பே இல்ல. இப்ப நான் ஒரு வருஷத்துல இதை முடிச்சுக் குடுத்திட்டேன்னு வையுங்க, அப்புறம் இங்க வாரியம் எதுக்கு? வாரியம் இல்லைன்னா இந்தக் கட்டடத்தை யாரு காப்பாத்துவா? யோசிச்சுப் பாருங்க.”

நோட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். விளங்கவில்லை.

“அந்தக் காலத்து ஓட்டுக்கு ஒப்பான ஓடு எங்க கிடைக்கும்னு பாக்க நாங்க அஞ்சு பேர் மூணு நாட்டுக்குப் போயிட்டு வந்தோம்,” என்று இயக்குநர் ஒரு படத்தொகுப்பைத் திறந்தார். ஐந்து பேரும் ஒரு நீச்சல் குளத்துக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பின்னால் தூரத்தில் ஒரு கட்டடம். அதன் கூரை மொட்டைமாடி.

வீட்டுக்காரியிடம் வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “மூணு ஓட்டுக்கு மூணு நாடா? நல்லவேளை, இன்னும் நாலு ஓடு சேத்து உடையல,” என்றாள்.

இதற்கிடையில் வாரியத்தின் வரலாற்று நிபுணர் ஆவணக் காப்பகத்தில் ஒரு கடிதத்தைக் கண்டுபிடித்தார். நிபுணர் மெல்லிய மனிதர். பழைய காகிதத்தை மோந்து பார்த்தே வருஷம் சொல்லுவார். கடிதம், மாளிகை கட்டி முடித்த முதல் வருஷத்தில் அதே மூன்றாவது கடையை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மெழுகுவர்த்தி வியாபாரி எழுதியது. ‘ஐயா, கட்டி முடித்து ஒரு மழைகூட முழுதாகப் பெய்யவில்லை. அதற்குள் பின்சுவரோரம் ஒழுகுகிறது. கட்டியவரை நாலு முறை கூப்பிட்டேன். வரவில்லை.’

நிபுணர் கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கூடவே இயக்குநர், பட்டியல் அதிகாரி. ஒழுகும் இடத்தை மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அதே இடம்,” என்றார் நிபுணர். கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “இது பழுது இல்ல. இது அசல்.”

“சார், இது உங்க சாரத்துக் குழாய் விழுந்து உடைஞ்சது,” என்றார் நோட்டுக்காரர். “என் மச்சானே சாட்சி. அவனேதான் உடைச்சான்.”

“சரிதான். நடுவுல யாரோ ஒரு அறிவிலி அதை அடைச்சு வச்சிருக்கான். குழாய் விழுந்ததும் உள்ளே இருந்த பழைய ஒழுக்கு திரும்ப வெளிப்பட்டிருக்கு. மீட்புன்னா வேற என்னய்யா?”

இயக்குநர் நிபுணரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பதினாலு மாச உழைப்புக்கு இதுதான் முதல் பலன்.”

மனைவி மட்டும் வேறு ஒன்றைக் கேட்டாள். “அந்த மெழுகுவர்த்திக்காரர் அப்புறம் என்ன ஆனாராம்?”

நிபுணர் குறிப்பைப் புரட்டினார். “அடுத்த வருஷமே கடையைக் காலி பண்ணிட்டார். அதுவும் பதிவாகியிருக்கு.”

அதை அவர் மகிழ்ச்சியாகவே சொன்னார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாரியத்தின் சிறப்புக் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மூன்றாவது கடையின் ஒழுக்கு, மாளிகையின் தொன்மைக் கூறாக அறிவிக்கப்படுகிறது. அதை அடைப்பது, திருப்புவது, மட்டுப்படுத்துவது குற்றம். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அதை மக்கள் பார்வைக்குத் திறந்துவைப்பது. சுவரோரம் பித்தளைக் கம்பி நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். தண்ணீர் இறங்கும் பாதையில் வெளிச்சம் படும்படி ஒரு விளக்கு மாட்டினார்கள். பார்வையாளர்கள் நிற்க இடம் வேண்டும் என்று நடுக்கடைக் கட்டுகளை மறுபடி சுவர்ப்பக்கமே நகர்த்தச் சொன்னார்கள்.

“அங்க ஒழுகுதே சார்.”

“கயித்துக்கு வெளியில வையுங்க. உள்ள வந்தாத்தான் தப்பு.”

கயிற்றுக்கும் ஒழுக்குக்கும் நடுவே இரண்டடி. தண்ணீருக்குக் கயிறு தெரியுமா என்று நோட்டுக்காரர் கேட்க நினைத்தார். கட்டுகளைத் தூக்கப் போனார்.

திறப்பு விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை ஒத்திகை. வானம் பளிச்சென்று இருந்தது, ஒரு சொட்டு இல்லை. தலைமை விருந்தினர் வரும் நேரத்தில் மழை பெய்யாவிட்டால் வாரியத்தின் மானம் என்ன ஆவது? யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். மச்சானுக்கு எழுத்தில் உத்தரவு போனது: ‘மணி அடித்ததும், மேற்படி ஒழுக்கின் மேல் பூவாளியால் நீர் ஊற்றவும்.’ பதினான்கு மாதத்தில் அவனுக்கு வாரியம் கொடுத்த முதல் வேலை அதுதான்.

அவன் உத்தரவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“மாமா, ஊத்தலைன்னா வேலை போயிடும்.”

“ஊத்துடா. உனக்கும் வயிறு இருக்கு,” என்றார் நோட்டுக்காரர்.

மணி அடித்தது. மச்சான் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினான். ஆனால் கீழே இருந்து இயக்குநர், “இன்னும், இன்னும், கண்ணுக்குத் தெரியணும்!” என்று கத்தினார். தண்ணீர் சுவரோடு வழிந்து, கயிற்றைத் தாண்டி, அடிவரிசைக் கட்டுகளுக்குள் போனது. மனைவி ஓடிப்போய் ஒரு கட்டைப் பிரித்தாள். இருநூறு பக்க நோட்டு ஊறிய ரொட்டிபோல் உப்பியிருந்தது. கோடுகள் எல்லாம் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று ஓடின. அவள் அதைக் கொண்டுபோய் இயக்குநர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாத்தீங்களா? இதை எந்தப் புள்ளைக்கு விக்கறது?”

இயக்குநர் நோட்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஒளி வந்தது.

“அருமைம்மா. இதுல ரெண்டு மூணை விளக்குக்குக் கீழே அடுக்கி வைப்போம். ஒழுக்கோட வீரியம் ஜனங்களுக்கு அப்பத்தான் புரியும்.”

நோட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்த நோட்டை இயக்குநர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அவர் வாங்கிய விதத்தைப் பார்த்து மனைவி அவர் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

கடை சாத்துகிற நேரத்தில் மச்சானைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஓடு மாத்தறது எப்படிடா?”

“எதுக்கு மாமா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“மேல் வரிசை ஓட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும். உடைஞ்சதை உருவணும். புதுசைச் சொருகி, கீழ இருக்கிற மரக்கட்டையில ஓட்டுக் கொக்கி மாட்டுதான்னு தடவிப் பாக்கணும். அம்புட்டுதான். ஓட்டு நடுவுல காலை வைக்கக்கூடாது. ஓரத்துல, கட்டை ஓடற இடத்துல வைக்கணும். ஆனா மாமா, நீங்க ஸ்டூல்ல ஏறினாலே அக்கா வந்து பிடிப்பா.”

“இப்பவும் பிடிப்பேன்,” என்றாள் அக்கா. “ஏணியைப் பிடிப்பேன். தள்ளிவிட மாட்டேன், பயப்படாதீங்க.”

“நானே ஏறி மாத்திடறேன் மாமா. போற வேலை போகட்டும்.”

“கடை என்னுது. நீ நாளைக்கு மூணு ஓடு மட்டும் வாங்கிட்டு வா.”

“அந்தக் காலத்து ஓடா?”

“ஒழுகாத ஓடு,” என்றார் நோட்டுக்காரர்.

சனிக்கிழமை காலை கடை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். உள்ளே ஐம்பது நாற்காலி. தலைமை விருந்தினர் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து கேட்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வானம் மூடிக்கொண்டிருந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே, உலகத்துல எத்தனையோ வாரியங்கள் கட்டடத்தை மீட்டிருக்கு. தூணை மீட்டிருக்கு, கோபுரத்தை மீட்டிருக்கு. ஆனால் கட்டியவன் விட்ட தவறை, அது விட்டபடியே, ஒரு சொட்டும் குறையாம மீட்டது நம்ம வாரியம் மட்டும்தான். இதைச் சரி பண்ணியிருக்கலாமேன்னு சில பேர் கேக்கறாங்க. சரி பண்றது சுலபம். சரி பண்ணாம இருக்கத்தான் ஒரு பெரிய அமைப்பு வேணும், நிதி வேணும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேணும்!”

கைதட்டினார்கள். இதே நேரம் கடைக்குப் பின்பக்கம் நோட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று ஓட்டைக் கோணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். கீழே ஏணியை மனைவி பிடித்திருந்தாள். மச்சான் பூவாளியோடு தரையில் நின்றுகொண்டான். மேலே போனபிறகு கட்டை ஓடுகிற இடத்தைத் தடவித் தடவி, தவழ்ந்தே போனார். முதல் ஓட்டை உருவச் சற்று நேரம் பிடித்தது. புதிது உள்ளே போய்க் கொக்கி மாட்டியபோது விரல் நுனியில் ஒரு சின்ன ‘டக்’ தெரிந்தது. அறுபது வயதுவரை இந்த ‘டக்’கைத் தெரியாமலே இருந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது ஓடு சுலபமாகவே போனது. மூன்றாவது சிக்கிக்கொண்டது; மழைக்கு முன்னேற்பாடாக அதன்மேல் கோணிப்பையைப் போட்டுவைத்தார்.

உள்ளே மணி அடித்தார்கள். ஐம்பது பேரும் விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார்கள். சுவர் காய்ந்தே இருந்தது.

“தொன்மையான ஒழுக்கு, கொஞ்சம் தாமதமாத்தான் வரும்,” என்றார் நிபுணர்.

மூன்றாவது தடவை மணி அடித்தபோது நிஜ மழையே பிடித்துக்கொண்டது. ஓட்டில் சோளம் கொட்டுகிற மாதிரி சத்தம். இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. சுவரைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் ஓடிவந்து மேலே பார்த்தார். கூரையில் ஒரு ஜோடிக் கால் தெரிந்தது.

“யாருய்யா அது? கீழே இறங்கு!”

“இன்னும் ஒரு ஓடு பாக்கி,” என்றது கூரை.

“உங்க மேல வழக்குப் போடுவேன்!”

“போடுங்க சார். கை காலியா இல்ல, வந்து பேசறேன்.”

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். “யாராவது ஏறி அந்த ஆளை இறக்குங்க!”

வாரியத்தின் ஆட்கள் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பட்டியல் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சார், சாரத்துல ஏறினா ஆபத்துன்னு பொறியாளர் எழுதிக் குடுத்திருக்கார். துணைக்குழு அறிக்கை வர்ற வரைக்கும் அலுவலர் யாரும் ஏறக்கூடாது. ஏணிக்கும் அதே விதிதான்.”

“நீ ஏறுடா!” என்று இயக்குநர் மச்சான் பக்கம் திரும்பினார். “நீ கூரைப் பணியாளர்தானே?”

மச்சான் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து, மழையில் நனையாமல் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தான். “தண்ணி ஊத்தணும்னுதான் சார் போட்டிருக்கு. ஆளை இறக்கணும்னு போடல.”

“தண்ணியாவது ஊத்தினியா?”

“ஊத்தறதுக்கு மேல ஏறணுமே சார். ஆபத்தாமே.”

பக்கத்துக் கடிகாரக் கடை வாட்சுக்காரர் சத்தமாகவே சிரித்துவிட்டார். மழை வலுத்தது. தெருவில் நின்றவர்கள், விழாவுக்கு வந்தவர்கள், வாரியத்தார் எல்லோரும் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். நாற்காலி போதவில்லை. இயக்குநரும் நிபுணரும் நோட்டுக்கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் தொடங்கியது. அத்துமீறிச் செருகப்பட்ட மூன்று ஓடுகளையும் உடனடியாக அகற்றி ஒழுக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று இயக்குநர் சொல்லச் சொல்ல, பட்டியல் அதிகாரி எழுதினாள். ஒருமனதாக நிறைவேறியது.

“யார் அகற்றுவது என்று போடட்டுமா சார்?” என்று அவள் கேட்டாள்.

இயக்குநர் குடையை மடக்கி உதறினார். தலைமை விருந்தினர் கண்ணைத் திறந்து, “நல்லா கதகதன்னு இருக்கே. இந்த மாளிகையில இப்படி ஒரு ரூம் இருக்கறது எனக்குத் தெரியாதே,” என்றார்.

அப்போது நோட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தார். முழங்காலில் பாசி, நெற்றியில் கரி. மனைவி ஒரு துண்டை நீட்டினாள். தலையைத் துவட்டிக்கொண்டே கடைக்குள் நடந்து இயக்குநர் எதிரில் போய் நின்றார்.

“எந்திரிங்க.”

“என்ன?”

“நோட்டுக்கட்டு மேல உட்கார்ந்திருக்கீங்க. மூலை மடங்கினா வாங்கமாட்டாங்க. எந்திரிங்க.”

இயக்குநர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்தது. நிபுணரும் எழுந்தார்.

“நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?” என்று இயக்குநர் குரலைத் தேடிப் பிடித்தார். “வாரியத்தோட அனுமதி இல்லாம ஒரு தொன்மைக் கூறையே அழிச்சிருக்கீங்க. நோட்டீஸ் வரும். கடையையே காலி பண்ண வைப்பேன்.”

“வரட்டும் சார். படிச்சுப் பாக்கறேன். பதிலும் எழுதறேன், காகிதத்துக்குப் பஞ்சம் இல்ல. காலி மட்டும் பண்ணமாட்டேன்.” நோட்டுக்காரர் சிவப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார். மனைவி கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி சுவரோரம் அடுக்க ஆரம்பித்தாள். மச்சான் பூவாளியை ஓரமாக வைத்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தான்.

வாட்சுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “அய்யா, என் கடைக்கு மேலயும் ரெண்டு ஓடு போச்சு. பதினோரு மாசமா எழுதிப் போட்டுட்டே இருக்கேன்.”

“உங்களால ஏற முடியுமா?”

“ஏணியைப் பிடிக்க ஆள் இருந்தா ஏறுவேன்.”

“நான் பிடிக்கறேன்,” என்றாள் நோட்டுக்காரர் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. பின்னால் நின்றிருந்த செருப்புக்கடைக்காரரும் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி தன் கடைப்பக்கத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று நிபுணர் பதறினார். “ஒரு ஆள் தொட்டா எல்லாரும் தொடுவாங்க!”

நோட்டுக்காரர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“மேல போனப்பதான் பாத்தேன் சார்,” என்றார் இயக்குநரிடம். “நாலாவது ஓடும் விரிசல் விட்டிருக்கு. திங்கக்கிழமை புள்ளைங்க கூட்டம் இருக்கும், முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு அதையும் மாத்தறேன். மணி அடிக்கறதுன்னா வந்து அடிங்க.”